கண்ணை மூடி வாசித்தவரின் கசெற்றுகள்

அந்த ஐரிஷ் புல்லாங்குழல்காரர் தன் கசெற் மட்டைகள் எல்லாவற்றிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பார். ஒன்றில் கடலோரப் பாறை, இன்னொன்றில் புகைமூட்டம். மூன்றாவதில் சட்டைப் பொத்தான்கள் பாதி திறந்திருக்க, முடி காற்றில் பறக்கும். ஸ்காபரோவில் நான் வேலை செய்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் அந்தப் படங்களைப் பார்த்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் அப்போது பெரிய மயக்கம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் முறையாகக் குழல் படித்து, நடன நிகழ்ச்சிகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தவன் நான். ரொறன்ரோவுக்கு வந்து பெட்டி மடித்தேன். ஸ்காபரோவிலேயே வெக்ஸ்போர்ட் பகுதியில் இருந்த என் அறையில், ஹீற்றர் சூட்டில் மூங்கில் வெடித்துவிடாமல் இருக்கக் குழலுக்குப் பக்கத்தில் ஈரத்துணி வைப்பேன். என் சங்கீத வாழ்க்கை அவ்வளவுதான். ஊரெல்லாம் அரங்கேற்றம் நடக்கும், ஆனால் குழலுக்குச் சென்னையிலிருந்து ஆள் வருவார். உள்ளூரிலும் ஒருவன் இருக்கிறான் என்ற நினைப்பே யாருக்கும் வராது. இந்த ஊர் என்னை ஒரு தரமாவது கேட்க வேண்டும். அந்த எண்ணம் என்னை நிம்மதியாக ஓரிடத்தில் இருக்க விடவில்லை. பஸ்ஸில் போகும்போதுகூட விரல்கள் முன் சீற்றின் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கும்.

என்னோடு ஒரே இயந்திரத்தில் நின்றவர் அயர்லாந்துக்காரர். ஒஷாவாவிலிருந்து காரில் வருவார், என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். அவரும் மரக்குழல் வாசிப்பார், டான்ஃபோர்த் பக்கம் ஒரு மதுச்சாலையில், கூட்டாளிகளோடு வட்டமாக இருந்து. அதனால்தான் அந்த மூன்று கசெற்றுகளையும் வாங்கியவுடன் அவரிடம் ஓடினேன். தன் நாட்டு வித்துவானை ஒரு தமிழன் தேடிப் பிடித்திருக்கிறானே என்று பூரித்துப் போவார் என எதிர்பார்த்தேன். அவர் மட்டையைப் பார்த்துவிட்டு, பழுதான பாலை மோந்தவர் போல முகத்தைத் திருப்பினார்.

கடல் பாறைக் கசெற் பரவாயில்லை என்றார். அது அந்த வித்துவான் பிரபலமாவதற்கு முன்பு, ஒரு கிற்றாரை மட்டும் துணைக்கு வைத்து வாசித்தது. புகைமூட்டத்தில் டிரம்ஸ் புகுந்துவிட்டது. பொத்தான் திறந்ததில் கடல் அலை, பறவைச் சத்தம், அழுகை. எனக்கோ இரண்டாவதுதான் உயிர். அந்த வேகத்தில் மனிதர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும் இடங்களில் எங்கள் கமகம் மாதிரி ஒரு வளைவு வரும், எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஒரு சனிக்கிழமை மதுச்சாலைக்கும் போய்ப் பார்த்தேன். ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசித்தார்கள். முடிந்ததும் அதையே திரும்ப வாசித்தார்கள், பிறகும் அதையே. நான் தொடையில் தாளம் போட்டபடி, யாராவது ஒருவர் தனியே பிரிந்து விரித்து வாசிப்பார் என்று காத்திருந்தேன். ஒருவரும் பிரியவில்லை. ஒரே வரியைப் பத்து விதமாக வாசித்தால்தான் வித்துவான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். அவர்களில் சங்கீதம் தெரிந்த ஒரே ஆள் கசெற்காரர்தான் என்று அன்று தீர்ப்பே எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை அதை வாய்விட்டுச் சொன்னேன். அயர்லாந்துக்காரர் அட்டையை இயந்திரத்தில் தள்ளியபடியே, "இது ஆடுவதற்கான இசை. உன் ஆள் கண்ணை மூடிக்கொண்டால் ஆடுகிறவரின் காலை எப்படிப் பார்ப்பான்?" என்று கேட்டார்.

"உங்களுக்குப் பொறாமை" என்றேன் நான். அவர் அடுத்த அட்டையைத் தள்ளினார், நான் மடித்தேன்.

அந்த வாரமே தொலைபேசி வந்தது. யூனியன்வில்லில் நடனம் படிப்பிக்கும் அன்ரி.

"தம்பி, குழலுக்குச் சென்னையால வாறவருக்கு விசா குடுக்கேல்லையாம். அரங்கேற்றத்துக்கு நாளும் கிட்டியிட்டுது. நீர் வாசிப்பீரோ?"

அவர் கேட்டு முடிக்க முன்னமே "ஓம் அன்ரி" என்றேன். அன்றிரவு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே, அரங்கேற்றத்தின் நீண்ட உருப்படியான வர்ணத்தை வாசித்தேன், வாசித்த இடங்களிலெல்லாம் கசெற்காரரின் விரல் வெட்டுகளையும் வழுக்கல்களையும் செருகினேன். ஊர் கேட்கத்தான் போகிறது, கேட்கிறபோது மறக்காதபடி கேட்கட்டும் என்று நினைத்தேன்.

ஒத்திகை அன்ரி வீட்டு பேஸ்மென்ற்றில். பாடகரும் மிருதங்கக்காரரும் விசா கிடைத்து வந்திருந்தார்கள். அரங்கேற்றப் பிள்ளைக்குப் பதினாறு வயதிருக்கும், இங்கேயே பிறந்தவள். இங்கே பிள்ளைகள் ஆடிப் பழகுவது கசெற்றுக்குத்தான். அரங்கேற்றத்துக்கு வரப்போகிறவர்களே சென்னையில் வாசித்து ஒலிப்பதிவு செய்த கசெற்றை வருடக்கணக்காகப் போட்டு ஆடுவார்கள், ஆட்களோடு சேர்ந்து ஆடுவது கடைசியில்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும், வர்ணத்தில் குழலுக்கு வரி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக் கொட்டினேன். பாடகர் "ஆஹா" என்றார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தாளச் சத்தம் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தேன். பிள்ளை ஒரு காலைத் தூக்கியபடி, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"அங்கிள், கசெற்றில இப்பிடி இல்லையே. ஐ டோன்ற் நோ எங்க கால் வைக்கிறதெண்டு."

அவள் குரலில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. அன்ரி கைத்தாளத்தை மடியில் வைத்துவிட்டு, "உம்மட வாசிப்பு நல்லாத்தான் கிடக்கு தம்பி. ஆனா இது இவளின்ர அரங்கேற்றம்" என்றார்.

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. விசா கிடைக்காத மனிதர் கசெற்றுக்குள் இருந்துகொண்டு என் இடத்தில் வாசிக்கிறார், உயிரோடு வந்து இருக்கிற நான் பிழையாகிவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் பஸ்ஸுக்குள் இருக்க முடியாமல் பாதியில் இறங்கி, பனிச்சேற்றில் விறுவிறென்று நடந்தேன். அன்ரிக்குப் போன் எடுத்து முடியாது என்று சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். றிசீவரைக் கையில் எடுத்தபோது அந்தப் பிள்ளை தூக்கியபடி நின்ற கால் ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன்.

அரங்கேற்றத்துக்கு அயர்லாந்துக்காரரையும் கூப்பிட்டேன். கோட் சூட் போட்டு, நேரத்துக்கே வந்து, நம்மவர்கள் வந்து சேரும்வரை வெறும் மண்டபத்தில் தனியே இருந்தார். நான் மேடையில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, செம்பஞ்சுக் குழம்பு பூசிய இரண்டு பாதங்களைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் வாசித்தேன். பிள்ளை ஆடிப் பழகிய கசெற்றில் இருந்ததையே வாசித்தேன். வேகமான ஒரு ஜதி முடிந்து வரிக்குத் திரும்பும் இடத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது, குதிக்கால் ஒரு கணம் பிந்தியது. நான் வரியின் முதல் சுரத்தை விடாமல் நீட்டிப் பிடித்தேன். அவள் வந்து அதற்குள் கால் வைத்தாள். சபையில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை.

பிரதம விருந்தினர் வெகுநேரம் பேசினார். பிள்ளையைப் புகழ்ந்தார், அன்ரியை, பாடகரை, மிருதங்கத்தை, கடைசியில் மேடை அலங்காரத்தையும் புகழ்ந்தார். குழல் அவர் வாயில் வரவேயில்லை. எனக்குப் போட்ட பொன்னாடையை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தேன். அயர்லாந்துக்காரர் கார் அருகே நின்றார். என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார்.

"உன்னை நான் கேட்கவேயில்லை. முழுநேரமும் அவளுடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எத்தனை வருடம் காத்திருந்தேன், இந்த ஊர் என்னைக் கேட்க வேண்டும் என்று. கேட்காதபடி வாசித்ததுதான் நான் இங்கே வாசித்ததிலேயே நல்ல வாசிப்பு என்றால், அந்த நல்லதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நன்றி என்றேன். அவர் என்னை வீட்டில் விடுவதாகச் சொன்னார். காரில் ஏறியதும் பைக்குள்ளிருந்து புகைமூட்டக் கசெற்றை எடுத்து, அவரைக் கேட்காமலே பிளேயருக்குள் தள்ளி, சத்தத்தைக் கூட்டினேன். டிரம்ஸ் இடித்தது. அவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் நிறுத்தவில்லை. வெக்ஸ்போர்ட் வரும்வரை நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.