குடிலில் படுக்கும் செல்லுலாய்டு பாப்பா

செகிஞ்சான் அரிசி ஆலையிலிருந்து மூட்டை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். லோரிக்குப் பழைய கண்ணாடி தேடி அங்கே தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் பழஞ்சாமான் கடைக்குப் போனவன், தகர டப்பாவுக்குள் கிடந்த ஜப்பான் பொம்மையோடு திரும்பினேன். முட்டை ஓடுபோல் மெல்லிசு, கையில் கனமே தெரியவில்லை. பிளாஸ்டிக் வருவதற்கு முன் பிள்ளைகள் விளையாடியது இதைத்தான் என்றார் தவுக்கே. பஞ்சும் சூடமும் சேர்த்துச் செய்த செல்லுலாய்டு. நெருப்புப் பட்டால் குப்பென்று பிடித்துக்கொள்ளும் என்பதால் பிறகு செய்வதை விட்டுவிட்டார்களாம். அன்று பிடித்த பைத்தியம். போகிற ஊரிலெல்லாம் கேட்டு வாங்கினேன்.

என் மனைவிக்கு அவற்றின்மேல் பிரியம் கிடையாது. "சாமி விளக்குப் பக்கம் மட்டும் கொண்டு வராதீங்க" என்பதோடு சரி.

போன வருடம் பத்தாங் பெர்ஜுந்தாயில் ஒரு கிறிஸ்துவ அம்மா என்னிடம் ஒரு பாப்பா பொம்மையை ஒப்படைத்தார். தோட்டத்து லய வீட்டில் இருந்த காலத்திலிருந்தே அவர்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை யேசுவாகப் படுத்த பொம்மை. "இங்க சின்னப் பசங்க பிச்சிருவாங்க தம்பி, நீயே வச்சுக்கோ. டிசம்பர்ல மட்டும் எனக்கு வேணும்லா" என்றார். தூசியும் எறும்பும் அண்டக்கூடாதென்று அதையும் மற்றவற்றோடு இறுக்கமாக மூடும் டப்பாக்களில் வைத்து அலமாரியில் பூட்டினேன்.

தீபாவளி முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, அலமாரியத் தொறந்தா மூக்கு எரியுது. என்னத்த வச்சிருக்கீங்க?"

பாப்பா இருந்த டப்பாவைத் திறந்தேன். அதன் பக்கத்தில் படுத்திருந்த பெரிய பொம்மை மஞ்சளாகி, வேர்த்ததுபோல் பிசுபிசுத்து, இடுப்பில் விரிசல் விட்டிருந்தது. தவுக்கேவுக்குப் போன் போட்டேன். கெட்டுப்போன பொம்மையை உடனே வெளியே எடுக்கச் சொன்னார். அதிலிருந்து வரும் ஆவி மற்றவற்றையும் அரித்துவிடுமாம். காற்றுப் போகாமல் மூடியது பெரிய தப்பு என்றார். மற்றவற்றை மோந்து பார்க்க வேண்டும், சூட வாசம் வந்தால் நல்லது, காரம் ஏறினால் போச்சு.

டீசல் புகையிலேயே கிடந்த மூக்கு என்னுடையது. எதை மோந்தாலும் ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன் என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தள்ளுங்க. நான் பாக்கறேன்."

இதுவரை ஒரு பொம்மையைக்கூடத் தொடாதவள், முதலில் பாப்பாவை எடுத்து முதுகில் விரலால் தேய்த்து மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"சொல்லுடி."

"சூடந்தாங்க. நல்ல சூட வாசம். வேர்வையும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மற்றவற்றையும் அவளே பார்த்தாள். எதற்கும் கேடில்லை.

கெட்டதைக் குப்பையில் போடப் பயமாக இருந்தது. தீயணைக்கும் பொம்பா நிலையத்துக்குப் போன் செய்தேன். வாளித் தண்ணீரில் முக்கிக் கொண்டுவரச் சொன்னார்கள். அப்படியே லோரியில் கொண்டுபோனோம். நிலைய வாசலில் நின்ற மலாய்க்காரர் வாளியை எட்டிப் பார்த்துச் சிரித்தார். இது எப்படி எரியும் என்று நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தாங்களே பார்த்துக்கொள்வதாக வாங்கிக்கொண்டார். மனைவி லோரியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்மைய பொம்பாகிட்ட குடுத்த மொத ஆளு நீங்கதான்" என்றாள். வழியெல்லாம் இரண்டு பேரும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் டப்பா மூடிகளை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, பழைய கொசுவலையை வெட்டி மேலே கட்டினாள். அன்று மத்தியானம் நான் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.