அம்மா சுத்த சைவம் என்று நான் சொன்ன ஊர்

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கோலாலம்பூர் நிலையத்தில் தம்பின் வரைக்கும் மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுத்தேன். சுமார் எழுபத்தைந்து மைல், இரண்டு வெள்ளி எண்பது காசு. போகும்போது ஒருத்தி, திரும்பும்போது இரண்டு பேர் என்பது அப்பாவின் உத்தரவு. மலாக்காவில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை சரோஜாவுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும், பொங்கல் முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பினார். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டில் அப்பாவும், பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கும் நானும்தான். தாய் இல்லாத வீடு எப்படித் தாய்வீடு ஆகும் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அவளைக் கூட்டிவருவதுதான் சரி என்று பட்டது.

காரணம், அவள் எழுதிய கடிதங்கள். கடைசிக் கடிதம் பத்தே வரி. அதில் மூன்று இடத்தில் ‘கவலைப்படாதே’ என்று எழுதியிருந்தாள். ஒருமுறை எழுதினால் கவலை இல்லை என்று பொருள். மூன்று முறை எழுதினால் என்ன பொருள்? நான் பொதுவாகவே மோரையும் ஊதிக் குடிக்கிறவள். சரோஜா கட்டிக்கொண்டதோ மலாக்கா செட்டி ஒருவரை. வட்டிக்கடைச் செட்டியார்கள் வேறு, இவர்கள் வேறு. பல தலைமுறைக்கு முன் வணிகத்துக்கு வந்த தமிழர்களின் வழிவந்தவர்கள். கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. அவருக்குப் பயந்து நானும் போகவில்லை.

செரம்பானில் ஏறி எதிரில் உட்கார்ந்த அம்மாள், நான் எங்கே போகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் வெற்றிலையை மென்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பொண்ண அங்கயா குடுத்தீங்க? தமிழே வராதே அவங்களுக்கு. வாய்ல ஒண்ணு சொல்வாங்க, மனசுல என்ன இருக்கோ. எதுக்கும் கண்ணத் தொறந்து வச்சுக்கங்க.”

நான் ஏற்கெனவே திறந்துதான் வைத்திருந்தேன்.

தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ரயில் கிடையாது. சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான். வாடகைக் காரில் நாலு பேராக நெருக்கியடித்து இருபத்துநாலு மைல் போகவேண்டும், ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு. ஓட்டியவர் பத்து பெரெண்டாமில் குடியிருக்கும் தமிழர். வழியெல்லாம் ரப்பர்த் தோட்டம், பிறகு வயல். செட்டிக் குடும்பங்கள் எப்படி என்று மெல்லக் கேட்டேன்.

“நல்ல சனங்கதான்கா. ஆனா நம்ம மாதிரி இல்ல. பொங்கலுக்கு மொத நாளு ஊட்டுக் கதவச் சாத்திக்கிட்டு என்னமோ செய்வாங்க. வெளியாளுக்குக் காட்டமாட்டாங்க.”

பிற்பகல் ஒன்றே முக்காலுக்கு மலாக்காவின் காஜா பேராங்கில் இறங்கினேன். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த பிறகு இதுதான் முதல் பொங்கல். வெயிலில் வெளுத்த காகிதக் கொடிகள் இன்னும் சில கடைகளில் தொங்கின. கோயிலைத் தாண்டி உள்ளே போனால் பலகைச் சுவர் வைத்த வீடுகள், நிலைப்படிகளில் மாவிலை. சரோஜாவின் மாமியார் வாசலுக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். சாரோங்கும் கெபாயா சட்டையும், கொண்டையில் மூன்று ஊசி, நெற்றி நிறைய விபூதி. உடுப்பைப் பார்த்தால் மலாய்க்காரி, நெற்றியைப் பார்த்தால் குருக்கள் வீட்டு அம்மாள்.

“மாசோக், மாசோக்” என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அவர் பேசியதெல்லாம் அவர்களுடைய மலாய்தான். எனக்குச் சந்தை மலாய் தெரியும் என்பதால் முக்கால்வாசி பிடிபட்டது. இனி அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

சரோஜா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வந்தாள். முகம் உப்பியிருந்தது. என் கண் நேராக அவள் கைக்குத்தான் போனது. அம்மா விட்டுப்போன இரண்டு தங்க வளையல்களைக் காணோம். இரண்டு கையும் மொட்டை. மாமியாரை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. ஆனால் மனத்துக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன்.

“பசியாறிட்டியாக்கா? மாக் உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தாங்க” என்றாள். மாமியாரை அவள் ‘மாக்’ என்றே கூப்பிடுகிறாள். மாக் என்றால் அம்மா. அதுவும் எனக்குச் சுருக்கென்றது.

ஞாயிறு காலை ஆறரைக்கே அடுக்களையில் ஆள் நடமாட்டம். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் தேங்காய் துருவுவதும், மிளகாய் அரைப்பதும், வாழையிலை வாட்டுவதுமாக இருந்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்வாள், மற்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், சரோஜாவும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். முழுதாகப் புரியாத பாஷையில் சிரிப்பவர்கள் நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று நினைக்காத மனிதர் உண்டா? சரோஜாவை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, அரை மணிக்கொரு தரம் ஏதாவது வாயில் ஊட்டினார் மாக். நான் எண்ணினேன், நாலு தரம். நான் இருக்கும்போது மட்டும்தான் இந்த உபசாரமோ என்று அதையும் சந்தேகித்தேன்.

பத்து மணிக்கு மாக் என்னை மட்டும் தனியாகக் கடைத்தெருவுக்கு அழைத்தார். பண்டார் ஹிலிர் பக்கம் பஸ்ஸில் பத்துக் காசு. இறங்கி ஆற்றோரமாக நடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

“உன் அம்மா காப்பி குடிப்பாரா, தேநீரா?”

“ஏன் கேட்கிறீர்கள்?”

“சும்மா. சீனி நிறையப் போடுவாரா? வெற்றிலை உண்டா? மீன் சாப்பிடுவாரா?” என்று அடுக்கிவிட்டு, “நான் கேட்டேன் என்று சரோஜாவிடம் சொல்லாதே” என்றார்.

அவ்வளவுதான், எனக்குப் பொறி தட்டியது. அம்மாவைக் கொண்டுபோனது நீரிழிவு. சீனி பற்றிக் கேட்பது எதற்கு? பிறக்கப்போகும் பிள்ளைக்கு எங்கள் வழியில் என்ன நோய் வரும் என்று துருவுகிறார். மீன் பற்றிக் கேட்பது எதற்கு? நாங்கள் எப்படிப்பட்ட குடும்பம் என்று எடைபோடுகிறார். விடுவேனா?

“அம்மா பால்தான் குடிப்பார். சீனியே தொடமாட்டார். வெற்றிலை கிடையாது. மீன் வாடையே ஆகாது. சுத்த சைவம்” என்றேன். கோயில் தூணில் வெட்டி வைத்தது மாதிரி அழுத்தமாகச் சொன்னேன்.

நாங்கள் அப்போது ஒரு கருவாட்டுக் கடை முன்னால் நின்றிருந்தோம். கிளேபாங் பக்கத்துக் கருவாடு, மணம் தெருவைத் தூக்கியது. மாக் நல்ல துண்டாக ஒன்றைக் கையில் எடுத்து வைத்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் “அப்படியா” என்று அதைத் திரும்ப வைத்துவிட்டு, முருங்கைக்காய் வாங்கப் போனார்.

அன்று மாலை நாலு மணிக்குக் கிணற்றடியில் சரோஜா தனியாக அகப்பட்டாள்.

“அப்பா உன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாருடி. புதன்கெழம கெளம்பலாம்.”

“மாக்க ஒரு வார்த்த கேக்கணும்கா.”

“எதுக்கு? நீ என்ன ஜெயில்லயா இருக்க?”

அவள் சிரித்தாள். நானே மாக்கிடம் போய்க் கேட்டேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “போகி முடியட்டும், நாக். பிறகு பேசலாம்” என்றார். நாக் என்றால் பிள்ளை. பிள்ளை என்று கூப்பிட்டுத் தட்டிக்கழிக்கிறார், கேட்டால் விடமாட்டார் என்று தீர்மானித்தேன். சரோஜாவை எப்படியும் கிளப்பிக்கொண்டு போய்விடவேண்டும் என்ற வைராக்கியம் அப்போதுதான் கெட்டிப்பட்டது.

திங்கட்கிழமை போகி. மாலை நாலரைக்கு எல்லாரும் குளித்துவிட்டு வந்தார்கள். சரோஜாவின் புருஷன் ராஜன், ஒரு கப்பல் கம்பெனியில் எழுத்தர், வேட்டி கட்டிச் சாம்பிராணி போட்டார். கார்க்காரர் சொன்ன ‘என்னமோ’ இதுதான். இவர்கள் இதைப் பார்ச்சு என்கிறார்கள். இறந்துபோன சொந்தங்களுக்குப் பிடித்த பண்டங்களை இலையில் வைத்து, அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். ஒருமுறை சாத்திய கதவை இடையில் திறக்கக் கூடாது.

என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். வெளியாளுக்குக் காட்டமாட்டார்கள் என்றாரே என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம். பாயில் ஐந்து இலை. மாக் ஒவ்வொன்றாகக் காட்டினார். “இது என் மாமனாருக்கு, அதுதான் சுருட்டு. இது என் மாமியாருக்கு. இது என் வீட்டுக்காரருக்கு, மீன் தலை இல்லாமல் சோற்றில் கை வைக்கமாட்டார். இது மூன்று வயதில் போன என் மகளுக்கு.” அந்தச் சின்ன இலையில் சோறே இல்லை. பலகாரமும் மிட்டாயும்தான்.

“இது உன் அம்மாவுக்கு.”

ஐந்தாவது இலையில் தயிர்ச்சாதம், முருங்கைக்காய்க் கூட்டு, பருப்பு. பக்கத்தில் ஒரு தம்ளர் பால். சீனி போடாத பால்.

சரோஜா அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது தெரியாது. “சரோஜாவிடம் அம்மாவைப் பற்றி எது கேட்டாலும் அழுகிறாள். வயிற்றுப் பிள்ளைக்காரி அழக்கூடாது. அதனால்தான் உன்னைக் கேட்டேன்” என்றார் மாக்.

“அக்கா, இது அம்மாவுக்கா?” என்றாள் சரோஜா மெதுவாக.

எங்கள் அம்மா ஒருநாளும் பால் குடித்தவர் இல்லை. இனிப்பான டின்பாலை நாலு கரண்டி விட்டு, கரண்டி நிற்கிற மாதிரி தேநீர் குடிப்பார். கருவாடு இல்லாவிட்டால் சோறு இறங்காது. வாயில் எந்நேரமும் வெற்றிலை. கடைசி இரண்டு வருஷம் டாக்டர் சொன்னார் என்று எல்லாவற்றையும் நிறுத்தினவள் நான்தான். டின்பால் டப்பாவை அலமாரியில் பூட்டி வைத்தேன். “ஒரு மடக்கு குடுடி” என்று அம்மா கெஞ்சியபோதுகூட நான் கொடுக்கவில்லை. இப்போது செத்த பிறகும், முன்பின் தெரியாத ஊரில் ஒரு வீட்டில் கூப்பிட்டு இலை போட்டிருக்கிறார்கள், அங்கேயும் வந்து அவருடைய தேநீரைப் பிடுங்கிவிட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும். ராஜன் கதவண்டை போய்விட்டார்.

“சாத்தாதீங்க” என்றேன். “நான் பொய் சொல்லிட்டேன்.”

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாம் வந்துவிட்டது. நோயைத் துருவுகிறார் என்று நினைத்தது, குலத்தை எடைபோடுகிறார் என்று நினைத்தது, வளையலைப் பார்த்தது வரைக்கும் தமிழும் மலாயுமாகக் கொட்டினேன். மாக் திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“தேநீரில் டின்பால் எத்தனை கரண்டி?” என்றார்.

“நாலு. ஆனா அவங்களுக்குச் சீனி வியாதி...”

“செத்தவர்களுக்கு ஏது பத்தியம்” என்று பால் தம்ளரைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.

வீட்டில் கருவாடு இல்லை. அதையும் தடுத்தவள் நான்தானே. ராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று வீடு ஏறி இறங்கி ஒரு துண்டு வாங்கிவந்தார். நான் பொரித்தேன். தேநீரைச் சரோஜா கலந்தாள். கலக்கும்போது அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். மாக் “அழாதே என்று எத்தனை தரம் சொல்வது” என்று அதட்டிவிட்டுத் தானும் மூக்கைச் சிந்தினார். பக்கத்து வீட்டுப் பெண் வெற்றிலை கொண்டுவந்தாள், கூடவே ஒரு விஷயமும் சொன்னாள். நான் வந்ததிலிருந்து தட்டில் வைத்ததை எல்லாம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேனாம், அதைச் சொல்லித்தான் ஞாயிற்றுக்கிழமை சிரித்தார்களாம். என் சந்தேகங்களில் அந்த ஒன்று மட்டும் சரியாகப் போயிற்று.

ஐந்தேகாலுக்குக் கதவைச் சாத்தினோம். வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா வந்தாரா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தால் முதலில் தேநீரைத்தான் எடுத்திருப்பார். அரை மணி கழித்துக் கதவைத் திறந்தபோது அந்த இலையைச் சரோஜா யாருக்கும் கொடுக்காமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நான் கிளம்பும்போது, என் பைக்குப் பக்கத்தில் சரோஜாவின் பையும் தயாராக இருந்தது. மாக்தான் இரவல் வாங்கிய ஒரு தோல்பையில் அடுக்கி வைத்திருந்தார். மேலே ஒரு துணி முடிச்சில் இரண்டு வளையல்கள். கை வீங்கி இறுக்கியதால் எண்ணெய் போட்டுக் கழற்றி வைத்தாராம்.

“பிள்ளை பெற அம்மா வீட்டுக்குப் போவது அவள் உரிமை. நான் நிறுத்தமாட்டேன்” என்றார். சரோஜா என்னைத்தான் பார்த்தாள். எங்கள் வீட்டில் அவளுக்கு யார் அரை மணிக்கொரு தரம் ஊட்டுவார்கள்? நான் காலையில் போனால் மாலையில் வருகிறவள்.

“பைய உள்ள வைடி” என்றேன். மாக் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

காரிலும் ரயிலிலும் எங்கள் வீட்டைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவின் திதிக்குக் கோயிலில் பணம் கட்டிவிட்டு வந்து நானும் அப்பாவும் ஆளுக்கொரு மூலையில் சாப்பிடுவோம். அம்மாவுக்கு எது பிடிக்கும் என்று இரண்டு வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பேசினால் அழுவோம் என்று பேசாமலே இருந்துவிட்டோம்.

மாலை நாலு மணிக்குச் செந்தூல் வீட்டுக்குள் நுழைந்தேன். அப்பா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“எங்க அவ? அனுப்ப மாட்டேன்னுட்டாங்களா?”

“அனுப்பத்தான் செஞ்சாங்க. நான்தான் விட்டுட்டு வந்தேன்.” அவர் கத்துவதற்குள் இலையைப் பற்றிச் சொன்னேன். தேநீரையும் வெற்றிலையையும் சொன்னேன். என் பொய்யையும் மறைக்கவில்லை.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கருவாட்ட மொறுமொறுன்னு பொரிச்சியா? இல்லன்னா அவ திங்கமாட்டாளே.”

“மொறுமொறுன்னுதாம்பா பொரிச்சேன்.”

பிறகு தலையை நிமிர்த்தினார்.

“சரி, சரோஜா அங்கயே இருக்கட்டும். பிரசவத்துக்கு நாம ரெண்டு பேரும் போவோம்.”