அவசரத்துக்கு யாரை அழைப்பது?

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் முதலுதவி அறை பூட்டியே இருந்தது. வாசலில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். ரெஜினா சிஸ்டர் சொல்லாமல் விடுப்பு எடுப்பவர் இல்லை. அவர் கைப்பேசிக்கு அழைத்தேன். எடுத்தது அவருடைய தம்பி. "அக்கா காலைல போயிட்டாங்க சார்" என்றார். "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். மாரடைப்பு என்று அவர் சொன்ன பிறகுதான் புரிந்தது. அப்படிக் கேட்டதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் எங்கள் தொழிற்சாலையில் பதினோரு வருடம் செவிலியராக இருந்தார். நான் அதே இடத்தில் எச்.ஆர். அலுவலக எழுத்தர். இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரிடம் மாத்திரையும் திட்டும் சேர்த்தே வாங்கியவர்கள். வெறும் வயிற்றோடு ஷிஃப்டுக்கு வந்தால் யாராக இருந்தாலும் விடமாட்டார். ஒருமுறை பிளான்ட் மேனேஜரையே நிற்க வைத்து இரண்டு பிஸ்கட் தின்ன வைத்தார். நானும் அந்தத் திட்டுகளுக்குத் தப்பியவன் இல்லை.

ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர் என்னைத் திட்டவே இல்லை. அதைத்தான் சொல்ல வேண்டும்.

இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் ஒரு பெண் வேலை பார்த்தாள். கோமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள் காலை ஷிஃப்டில் மயங்கி விழுந்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. சிஸ்டர் வேறொரு தொழிலாளியை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருந்தார். ஷிஃப்டு நடுவில் ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால், ஐடி கார்டின் பின்பக்கம் உள்ள அவசர எண்ணுக்கு அழைக்க வேண்டும். அந்த ஆள் வந்து கேட்டில் கையெழுத்துப் போட்டு அழைத்துப்போக வேண்டும். இது விதி. நான் விதிப்படி செய்தேன்.

"சார், யாருக்கு போன் பண்ணீங்க?" என்று கோமதி கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரருக்குத்தான்மா."

அவள் வீங்கிய கையை மடியில் மறைத்துக்கொண்டாள். கணவர் இருபது நிமிடத்தில் வந்தார். மரியாதையான மனிதர். எனக்கு நன்றி சொன்னார். "நல்லா பாத்துக்கோங்க" என்று நான் வேறு சொல்லி அனுப்பினேன்.

மதியம் திரும்பி வந்த சிஸ்டர், "யார் கூட அனுப்பின?" என்றார். சொன்னேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கையை முறுக்கியதே கணவர்தான் என்று கோமதி முந்தின வாரமே அவரிடம் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் வேறு யாருக்கு அழைத்திருப்பேன்? கார்டில் இருந்தது ஒரே ஒரு எண்.

அன்று மாலையே இருவரும் சேரப்பணஞ்சேரியில் அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் போனோம். பூட்டு தொங்கியது. "மத்தியானமே சாமான்லாம் ஏத்திக்கினு பூட்டாங்க. எந்த ஊருன்னு இன்னா கேட்டும் சொல்லல. அந்தப் பொண்ணு தல நிமிரவேயில்ல" என்றார் பக்கத்து வீட்டுக்காரம்மா. காவல் நிலையத்தில் சிஸ்டரைப் பார்த்து, "நீங்க அவங்களுக்கு யாரும்மா?" என்று கேட்டார்கள். புகாரை வாங்கவில்லை. கோமதி என்ன ஆனாள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

திரும்பும் வழியில், "என்னைத் திட்டிடுங்க சிஸ்டர்" என்றேன். "உன்ன இன்னாத்துக்குத் திட்டறது? நீ ரூலத்தான செஞ்ச" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "மன்னிச்சுட்டேன்னு மட்டும் என்கிட்ட எதிர்பாக்காத தம்பி. அத சொல்ல வேண்டியவ அவ" என்றார்.

அடுத்த மாதப் பாதுகாப்புக் கூட்டத்தில் சிஸ்டர் எழுந்து நின்றார். அவசர எண்ணை எழுதும்போதே அது பயமில்லாத ஆளின் எண்ணா என்று பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்றார். "வெளிய நடக்கிறதெல்லாம் நம்ம ஸ்கோப்ல வராது சிஸ்டர்" என்று பதில் வந்தது. "வூட்டுல வாங்கின அடியோடதான் சார் உங்க லைன்ல வந்து நிக்கிறாங்க" என்றார் அவர். யாரோ மெல்லச் சிரித்தார்கள். பேச்சு ஹெல்மெட்டுக்குப் போய்விட்டது. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன், குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் எடுபடவில்லை என்றதும் தன் அறையில் கேட்கத் தொடங்கினார். தலைவலி என்று வருகிற பெண்ணிடமும் கார்டைத் திருப்பிக் காட்டச் சொல்வார். "இந்த ஆளு வந்து நின்னா உனக்கு நிம்மதியா, பயமா?" அவ்வளவுதான் கேள்வி. நிறைய பேர் சிரித்தார்கள். சிலர் அழுதார்கள். ஒருத்தி, "நம்பர மாத்தினா கார்ட பாத்துட்டு அதுக்கும் அடிப்பாரு சிஸ்டர்" என்றாள்.

அன்று சிஸ்டர் என் மேஜைக்கு வந்தார். கார்டில் கணவர் எண் அப்படியே இருக்கட்டும், கம்ப்யூட்டரில் மட்டும் தன் எண்ணைப் போடு என்றார். தயங்கினேன். "பேருக்குக் கட்டம் இருக்கு, ரத்த வகைக்குக் கட்டம் இருக்கு. பயத்துக்கு எதுனா கட்டம் வச்சிருக்கியா நீ?" என்றார். போட்டுவிட்டேன். பிறகு ஒவ்வொருவராகப் பலர் வந்தார்கள். அந்த எண்ணுக்கு அழைத்தால் இனி யாரும் வரப்போவதில்லை என்பதால்தான் இதை இப்போது வெளியே சொல்கிறேன்.

அந்த ஆறு வருடங்களில் எத்தனையோ முறை அந்த எண்ணுக்கு அழைத்திருக்கிறேன். வீட்டில் இருந்தாலும் ஆட்டோ பிடித்து வருவார். கேட்டில் கையெழுத்துப் போடுவார். பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு போய்விடுவார். சில நாள் கழித்து அந்தப் பெண் வேலைக்கு வருவாள், சிலர் வரமாட்டார்கள். ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பியது என்றுகூட நான் பார்த்ததில்லை. என் வேலை முடிந்தது என்று உள்ளே வந்துவிடுவேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு பெண் என் மேஜைக்கு வந்தார். பெயர் வேண்டாம். அவருடைய அவசர எண் சிஸ்டருடையது. புதிய எண் கேட்டேன். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும் இல்ல சார். காலியா வுட்டுடுங்க" என்றார். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது. "அப்ப வூட்டுக்காரர் நம்பரே போடுங்க" என்றார். என் எண்ணைத் தர வாய் வரை வந்தது. ஓர் ஆணின் எண் என்று எப்படியாவது வீட்டில் தெரிந்தால் அதற்கும் அவர்தான் அடிபடுவார். திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பினேன்.

வீட்டில் மனைவியிடம் கேட்டேன். "என் நம்பர தாராளமா குடுங்க. போன் வந்தா ஓடி வர்றேன். வந்தப்புறம் அந்தப் பொண்ண எங்க கூட்டிக்கினு போறது? சிஸ்டர் எங்க கூட்டிக்கினு போவாங்க?" என்றாள். எங்கே தங்க வைத்தார், எந்த வக்கீலைப் பார்த்தார், யார் சோறு போட்டார்கள், ஒன்றுமே தெரியவில்லை. ஒரு நாளும் நான் கேட்கவில்லை.

நிம்மதியா, பயமா என்று அவர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கிறது. அதற்கப்புறம் செய்ய வேண்டியதை எல்லாம் அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார். உங்களில் யாரையாவது அவர் அந்த ஆட்டோவில் கூட்டிப்போயிருந்தால், எங்கே போனீர்கள் என்று சொல்லுங்கள். எழுத வேண்டாம், நேரில் சொல்லுங்கள். திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது.