குளிர்ந்தால் பச்சையாகும் பல்

பின்லாந்தில் ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்துக் குறை சொல்லிவிட்டால், அவர் உங்களுக்கு நெருங்கிய நண்பராகிவிட்டார் என்று அர்த்தம். தம்பரே நகரத்துப் பேருந்து நிறுத்தத்தில், மூக்கு மரத்துப்போகும் குளிரில், அலுவலகத் தோழன் யூஹா ஒருநாள் காலை அப்படித்தான் நெருக்கமானான். "உன் பல் பச்சையாக இருக்கிறது," என்றான். எப்போதிருந்து என்று கேட்டேன். பனி விழத் தொடங்கியதிலிருந்து என்றான். அடப்பாவி, இத்தனை நாள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்றால், "உங்கள் நாட்டு வழக்கமோ என்று நினைத்தேன், கேட்பது மரியாதை இல்லையே," என்கிறான். ராஜபாளையத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால், டவுன் பஸ் ஏறுவதற்குள் முன்பின் தெரியாத பத்துப் பேர் நிறுத்திச் சொல்லிவிடுவார்கள்.

என் பல் வரிசை சின்ன வயதிலிருந்தே சந்தைக்கூட்டம் மாதிரி. பின்லாந்தில் வேலை நிரந்தரமானதும் முதல் வேலையாக அதற்குக் கம்பி போட்டேன். இங்கே பல் மருத்துவரை ‘ஹம்மஸ்லாக்காரி’ என்பார்கள். பெயரைச் சரியாக உச்சரிப்பதற்கே பல் வரிசை ஒழுங்காக இருக்க வேண்டும். வெளியே தெரியாத மாதிரிப் பல் நிறத்துக் கம்பியும், அதைப் பிடித்துக்கொள்ளப் பல்லுக்கொன்றாகப் பீங்கான் பட்டன்களும்தான் அந்த மருத்துவர் அம்மா ஒட்டினார். யூஹா சொன்னதும் அந்த அம்மாவிடம் ஓடினேன். அவர் பெருமையாகச் சிரித்தார். பட்டனை ஒட்டும் பசை உடற்சூட்டில் நிறமே தெரியாதாம், குளிர்ந்தால் பச்சையாகுமாம். கடைசியில் பட்டன்களைக் கழற்றும்போது குளிர்ந்த நீரைப் பீய்ச்சினால் மிச்சப் பசை எங்கெங்கே இருக்கிறதென்று காட்டிக்கொடுத்துவிடும், சுரண்டி எடுத்துவிடலாமாம். கம்பிக்கும் இதே குணம்தான். குளிரில் தொய்ந்துவிடும், வாய்ச்சூடு பட்டதும் தன் பழைய வளைவுக்குத் திரும்பிப் பல்லைப் பிடித்து இழுக்கும். வலித்தால் குளிர்ந்த நீரைக் கொப்பளியுங்கள் என்றார். பிறகு புரியாமல் என்னைப் பார்த்தார். "ஆனால் குளிரில் வெளியே நின்று யாராவது வாயைத் திறப்பார்களா?"

நான் திறப்பேன். காரணம் கோதை.

கோதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஜாதகம் பொருந்தியதும் இரண்டு வீட்டாரும் பெரிய மனது பண்ணிப் போனில் பேச அனுமதி கொடுத்தார்கள். நான் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரமும் அவள் டீ குடிக்க வெளியே வரும் நேரமும் ஒன்றாக இருந்தன. சுற்றி நிற்பவர்கள் எல்லாம் கழுத்துத் துண்டுக்குள் உதட்டைப் புதைத்து ஊமையாக நிற்க, நான் மட்டும் பல்லெல்லாம் காட்டிக்கொண்டு, வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருப்பேன். பல்லுக்குக் கம்பி போட்டதை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாததை எதற்குச் சொல்வது? பெண் பார்க்க ஊருக்குக் கிளம்பியபோது, இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன ஆவேன் என்று உண்மையிலேயே பயந்தேன்.

கிளம்புவதற்கு முன் பல் மருத்துவர் அம்மா புதுக் கம்பி ஒன்றை மாட்டி அனுப்பிவைத்தார். கோதை வீட்டுக்கூடத்தில் உட்காரும்போதே தாடை விண்விண் என்று தெறித்தது. அந்த நேரம் பார்த்துக் கொதிக்கக் கொதிக்கக் காப்பி வந்தது. மரியாதைக்கு ஒரு மடக்குக் குடித்தேன். கம்பிக்கு உயிர் வந்தது, எனக்கு உயிர் போனது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கோதையின் தாய்மாமன் நெகிழ்ந்துபோனார். "பாத்தீகளா, கண்ணு கலங்கிட்டு. அம்புட்டுத் தூரம் போயும் பிள்ளைக்குப் பாசம் போகலை!"

பாசமாவது மண்ணாவது! ஐஸ் தண்ணீர் இருக்குமா என்று கேட்டு வாங்கி, வாய் நிறைய வைத்திருந்து விழுங்கினேன். வலி பறந்தது. அந்த நிம்மதியில் எல்லோரையும் பார்த்து முழு வாயையும் திறந்து சிரித்தேன்.

"என்ன தம்பி, பல்லு பச்சையா இருக்கு?" என்றார் மாமா. என் அப்பாவிடம் திரும்பி, "அந்த ஊர்ல எதும் இலை கிலை மெல்லுவாகளோ?" என்றார்.

"ஏலே, என்னத்தலே தின்ன?" என்று அப்பா என் மேல் பாய்ந்தார். அம்மா, "எம்பிள்ளை வெத்தலை கூடப் போடமாட்டானே," என்று அழ ஆரம்பித்தாள்.

"அது பசை மாமா. குளுந்தா பச்சையாகும், சூடு பட்டா மறைஞ்சிரும்."

"பல்லு என்ன பச்சோந்தியா?" என்றவர் குனிந்து பார்த்து அதிர்ந்தார். அதற்குள் வாய்ச்சூட்டில் பச்சை போய்விட்டிருந்தது. "இப்பம் காணோமே!" பச்சையாக இருந்ததைவிட இது அவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

அப்போது கோதை உள்ளேயிருந்து இரண்டு டம்ளர்களோடு வந்தாள். ஒன்றில் ஆவி பறக்கும் வெந்நீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர். "ஒரு தடவ பாத்ததை எங்க கம்பெனியில ஒத்துக்கிட மாட்டாக. மறுபடி செஞ்சா மறுபடி வரணும். குடிங்க," என்றாள்.

குடித்தேன். வெந்நீருக்கு வெள்ளைப் பல், கண்ணில் தண்ணீர். ஐஸ் தண்ணீருக்குப் பச்சைப் பல், முகத்தில் சிரிப்பு. மறுபடியும் கொடுத்தாள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டு ஜன்னலில் கூட்டம் கூடிவிட்டது. மூன்றாவது முறை வெந்நீரை நீட்டியபோது அவள் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எப்போதோ நம்பிவிட்டாள், கிராதகி. ஆனாலும் குடித்தேன்.

"பல்லு சரி," என்றாள். "ஊருக்கு எப்பம் ஒரேயடியா திரும்பி வருவீங்க?"

"அடுத்த வருசம் வந்துருவான்மா," என்று அம்மா முந்திக்கொண்டாள்.

கோதை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. "தெரியலை," என்றேன். "வரணும்னும் இருக்கு. அங்கயே இருக்கணும்னும் இருக்கு." அம்மா என் காலை மிதித்தாள். எல்லாம் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"இதுக்கு முன்னால என்னைப் பாக்க வந்த வெளிநாட்டு மாப்பிள்ளைக எல்லாரும் அடுத்த வருசம்னுதான் சொன்னாக," என்றாள் கோதை. "எனக்குச் சம்மதம் மாமா. ஆனா வேலையை இப்போதைக்கு விடமாட்டேன்."

சந்தோஷத்தில் எனக்கு வலி மறந்துவிட்டது. மாமா அப்போதே பத்திரிகை அடிக்கிற பேச்சை எடுத்தார். "மாப்பிள்ளை பேருக்குக் கீழ எந்த ஊரு போட?" அப்பா பின்லாந்து என்றார், அம்மா ராஜபாளையம் என்றாள், இரண்டு பேரும் அங்கேயே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். கோதைதான் தீர்த்துவைத்தாள். "இடத்தை விட்டு அடிங்க மாமா. பொறவு எழுதிக்கிடலாம்."

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. என் பெயருக்குக் கீழே விரற்கடை அகலத்துக்கு வெறும் இடம். அப்பா தன்னோடு மில்லில் வேலை பார்த்தவர்களுக்குக் கொடுப்பதில் எல்லாம் பின்லாந்து என்று எழுதிக் கொடுக்கிறார். அம்மா சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதில் ராஜபாளையம் என்று எழுதிக் கொடுக்கிறாள். யூஹாவுக்குக் கொடுக்க ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு, பேனா மூடியைத் திறந்தபடி நான் உட்கார்ந்திருக்கிறேன்.