முப்பத்தைந்து லிட்டரின் கனம்

கேனில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டு, உதடு அசைய மனக்கணக்காகப் பெருக்கிக்கொண்டிருக்கிறார் இன்பராஜ். முப்பத்தைந்து லிட்டர் ஆசிட்; அடர்த்தி ஒன்று புள்ளி எட்டு நான்கு. அறுபத்துநான்கு கிலோ சொச்சம், கேனின் எடை தனி. "இது கேன் இல்ல, முழுசா ஒரு ஆளு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றின் ரசாயனக் கிடங்கில் சுமையிறக்குவது அவர் வேலை. எந்தத் திரவத்தைக் கண்டாலும் எடை போடாமல் விடமாட்டார். பாமாயில் பாக்கெட்டைக் கையில் ஏந்தி, "லிட்டரு கிலோவுக்குக் கம்மி" என்பார். தேன் பாட்டிலுக்கு, "இது ஜாஸ்தி." மனைவி சோபனா அவரைக் கடைக்கு அழைத்துப்போவதையே விட்டுவிட்டாள். "இன்னா, வாங்க வந்தியா, நிறுக்க வந்தியா?"

இரண்டு வருடங்களுக்கு முன், இதே போன்ற கேனைத் தனியாளாகத் தூக்கியபோது அவர் இடுப்பில் ஏதோ பிசகிவிட்டது. லிட்டர் என்றால் கிலோ. கிடங்கில் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. தண்ணீருக்கு அது சரி. விசாரிக்க வந்தவர்களும் அப்படியே எழுதினார்கள்: சுமை முப்பத்தைந்து கிலோ, ஒருவர் தூக்கக்கூடியது, கவனக்குறைவு தொழிலாளியுடையது. படுக்கையில் கிடந்தபடி, மகளின் பாடப்புத்தகத்தைப் புரட்டித்தான் அடர்த்தி என்பதை அவர் கற்றுக்கொண்டார். அதன்பின் கொடுத்த மனுக்கள் எல்லாவற்றின் நகல்களும் ஸ்கேன் படங்களோடு பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. பதில் மட்டும் வரவில்லை.

வேலூர் மருத்துவர் சொல்லியனுப்பியது ஒன்றுதான்: இன்னொரு முறை பிசகினால் கால் விளங்காது.

"தனியா தூக்க முடியாது பாய். ரெண்டு பேரு வேணும்."

மேற்பார்வையாளர் வாஹித் பாஷா கெட்டவர் அல்லர், சலித்துப்போனவர். "தெனம் இதே பேஜாரா போச்சு, இன்பராஜு. முப்பத்தஞ்சுன்னுதானே போட்டிருக்கு?"

"அது லிட்டரு பாய்."

"எனக்குத் தெரியும்யா. ஆபீசுக்குத் தெரியணுமே. இன்னிக்கித் தூக்கலன்னா வூட்டுக்கு அனுப்பச் சொல்ட்டாங்க. நான் இன்னா பண்றது, சொல்லு?"

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். மற்ற ஆட்கள் ஆளுக்கொரு கேனாக, இவர் முகத்தைப் பார்க்காமல் சுமந்துபோகிறார்கள்.

கேனுக்கு இருபுறமும் பிடி உண்டு. இன்பராஜ் முழங்காலை மடித்துக் குந்துகிறார். இடப்புறப் பிடியை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டு, வலப்புறத்தில் இன்னோர் ஆள் குந்துமளவுக்கு இடம் விட்டு, நகர்ந்துகொள்கிறார்.