பாறையைத் தொலைத்தவர்

"அதோ பாருங்க, டால்பின்" என்று அவர் கடல் பக்கம் கை நீட்டுகிறார். படகில் இருக்கும் எட்டுப் பேரும் கழுத்தைத் திருப்புகிறார்கள். செல்பேசிகள் வெளியே வருகின்றன. அந்த நேரத்தில் அவர் மட்டும் கரையைப் பார்க்கிறார். ஒரு கண்ணைச் சுருக்கி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, சுக்கானை லேசாகத் தட்டி, இன்ஜினை அணைத்து நங்கூரத்தை இறக்கிவிடுகிறார். "முங்கிருச்சு. சரி, வந்தது வந்தோம், இங்கயே தூண்டிலப் போடுங்க."

டால்பின் எதுவும் கிடையாது. அவர் பார்த்தது பழைய தொழிற்சாலையின் புகைபோக்கியை. அது மலையின் இடுக்கில் சரியாக வந்து உட்கார வேண்டும். அதே சமயம் ஊர்த் தண்ணீர்த் தொட்டி துறைமுகச் சுவரின் முனைக்கு நேர் மேலே நிற்க வேண்டும். இரண்டும் கூடிவரும் இடத்தில் படகுக்கு அடியில் ஒரு பாறை இருக்கிறது. ஒரு சின்ன வீட்டின் அளவுதான். சுற்றிலும் வெறும் சேறு. பெரிய களவா மீன்கள் குடித்தனம் நடத்துவது அந்தப் பாறையில். அந்த விலாசம் எட்டுப் பேருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை நாடகம்.

துறைமுகத்தில் அவருக்கு டால்பின் என்றே பெயர். தன் உடல்வாகைப் பார்த்து வைத்த பெயர் என்று நம்புகிறார். யாராவது அப்படிக் கூப்பிட்டால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்புகிறார்.

தூண்டில் போட ஆசைப்படுகிறவர்களை வாடகைக்குக் கடலில் கூட்டிக்கொண்டு போய், மீனோடோ மீன் இல்லாமலோ, வாந்தியோடோ வாந்தி இல்லாமலோ, எண்ணிக்கை குறையாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் தொழில். வாந்திக்கு அவரிடம் மருந்து இல்லை, ஒரு பிரசங்கம்தான் உண்டு. "தூரத்துல ஒரு எடத்தப் பாரு. வாயத் தொறக்காத. தொறந்துதான் ஆகணும்னா காத்து வர்ற பக்கம் தொறக்காத." புதிதாக வருகிறவர்களின் பளபளப்பான சாமான்களைப் பார்த்துவிட்டு, அவ்வப்போது உதவிக்குப் போகும் என் காதில் சொல்வார்: "தூண்டில் புதுசு, தொப்பி புதுசு. இவங்களப் பாத்தா மீனுக்கே வெக்கமா இருக்கும்." அவருடைய சொந்தத் தூண்டில் உடைந்த இடத்தில் நூல் சுற்றி, அதன்மேல் கோந்து பூசி, பார்க்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது போல இருக்கிறது. மீன்களுக்கு அதைப் பார்த்து எந்த வெட்கமும் வருவதில்லை.

அவருடைய வருடம் நாட்காட்டியில் தொடங்குவதில்லை. குளிரில் தொடங்குகிறது. குளிர் மாதங்களில் துறைமுக வாயை ஒட்டியே சங்கரா மீன் கிடைக்கும். விடிவதற்குள் விறைத்துக்கொண்டு வரும் அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள்மேல் அவருக்குத் தனி மரியாதை. இவர்கள் மீனுக்காக வரவில்லை, வீட்டில் இருக்க முடியாமல் வருகிறார்கள் என்பது அவர் கணிப்பு. அடுத்தது காற்று மாதங்கள். பாதி நாள் படகு கட்டிக் கிடக்கும். அவர் துறைமுக டீக்கடையில் உட்கார்ந்து வானொலியில் சொல்லும் வானிலையோடு சண்டை போடுவார். காற்று என்றால் வராது என்பார், வராது என்றால் வானத்தை ஏறிட்டுப் பார்த்து மூக்கை உறிஞ்சுவார். இருவருமே சரிபாதி தடவைதான் ஜெயிக்கிறார்கள். ஆனால் வானொலிக்குத் தான் ஜெயித்தது தெரியாது, இவருக்குத் தெரியும். அதன்பின் கடல் அடங்கும் மாதங்கள், களவாக்களின் காலம். வருடத்துச் சோறு அங்கேதான். கடைசியில் மழை. படகைக் கரையில் தூக்கி வைத்து, அடியில் மல்லாந்து படுத்து, ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவார். ஒவ்வொரு சிப்பிக்கும் ஒரு வசவு. சில சிப்பிகளுக்கு முகம்கூட இருக்கிறது என்று நினைக்கிறேன். அவற்றை இரண்டு தடவை சுரண்டுகிறார்.

யாரை ஏற்றுவது, எப்போது ஏற்றுவது என்பதெல்லாம் அவர் மனைவியின் இலாகா. அந்த அம்மா செல்பேசியை அடுப்படி ஜன்னலில் சாய்த்து வைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, கைவேலையை நிறுத்தாமல் பேசுவார். மீன் கட்டாயம் கிடைக்குமா என்று யாராவது கேட்டால், "மீன் எங்களுக்கு வாக்குக் குடுத்திச்சின்னா நாங்க உங்களுக்குக் குடுப்போம்" என்பார். மழை வந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டால் லைன் சரியில்லை.

சுக்கானுக்குப் பக்கத்தில் நல்ல விலைக்கு வாங்கிய ஜிபிஎஸ் கருவி ஒன்று இருக்கிறது. அதே திரை கடலின் அடியையும் காட்டும். எந்த இடத்தையும் ஒரு பொத்தானை அமுக்கிச் சேமித்துக்கொள்ளலாம், அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு போகலாம். அவர் கருவியில் சேமித்த இடம் ஒன்றுகூட இல்லை. திரைமேல் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும்.

காரணம் மனைவியின் தம்பி. ஆறு வருடம் இதே படகில் உதவியாளாக இருந்தவர். ஒரு நாள் கும்பிட்டு விடைபெற்றுக்கொண்டு போய்ச் சொந்தப் படகு வாங்கினார். வாங்கின மாதமே பாறைமேல் நங்கூரம் போட்டு நின்றார். கருவியில் இருந்த எண்களைப் போகும்போதே எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். டால்பின் அன்று மாலையே கருவியில் இருந்த எல்லாவற்றையும் அழித்தார். அதுவரை 'என் மச்சான்' என்று இருந்தவர், 'உன் தம்பி' என்று ஆனார். நான்கு வருடமாகப் பேச்சு இல்லை. கடலில் எதிரெதிரே வந்தால் இருவருமே வானத்தை ஆராய்கிறார்கள்.

"மனுசன் மூளைல இருக்கறத எவன் வந்து திருடுவான்? கரைல ரெண்டு அடையாளம் இருக்கு, கண்ணு ரெண்டு இருக்கு, போதும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில், அவர் படகுக்கு அடியில் படுத்திருந்தபோது, தரை அதிர்ந்தது. வெளியே வந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தூசி. தொழிற்சாலை நிலத்தில் அடுக்குமாடி கட்டப்போகிறார்கள், புகைபோக்கியை வெடி வைத்துச் சாய்த்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். இந்த நாளில் சாய்ப்போம் என்று இரண்டு மாதம் முன்பே அறிவிப்புப் பலகை வைத்திருந்தார்கள். அவரும் அதைப் படித்திருந்தார். ஆனால் வானொலியோடு பழகிப் பழகி, முன்கூட்டிச் சொல்லப்படும் எதுவும் நடக்காது என்ற நம்பிக்கை அவருக்குள் ஊறிப்போயிருந்தது. சுரண்டியைக் கையில் பிடித்தபடி, மலை இடுக்கைப் பார்த்து, "சொன்னா சொன்னபடி செய்யிறவன இப்பதான் பாக்குறேன்" என்றார்.

கடல் அடங்கி, களவாக் காலம் வந்தது. முதல் பயணத்தில் நானும் இருந்தேன். வழக்கம்போல "அதோ, டால்பின்" என்றார். எல்லோரும் திரும்பினார்கள். அவரும் கரைப் பக்கம் திரும்பினார். மலை இடுக்கில் வானம்தான் இருந்தது. அன்று அந்த டால்பின் ரொம்ப நேரம் முங்காமல் இருக்க வேண்டியதாகப் போயிற்று. "இன்னும் தெரியுதா?" என்று ஒருவர் கேட்க, "உத்துப் பாருங்க" என்றார் இவர், கழுத்தைத் திருப்பாமலே.

கரை அடையாளங்கள் காட்டும் இரண்டு கோடும் இருந்தால் பாறை. ஒரு கோடு மட்டும் இருந்தால் அது வெறும் கடல். தண்ணீர்த் தொட்டிக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, துண்டை விலக்கித் திரையைப் பார்த்தபடி மெல்ல மெல்ல ஓட்டிப் பார்த்தார். வெயில் ஏறினால் கரை மங்கிவிடும், கோடும் ஆடும். ஆட்கள் இல்லாத நாட்களில் தனியாகப் போய்த் தேடினார். டீசல் ஏன் இவ்வளவு குறைகிறது என்று மனைவி கேட்டபோது, இன்ஜினுக்கு வயசாகிவிட்டது என்றார்.

ஒரு தடவை கண்டுபிடித்தேவிட்டார். திரையில் சேற்றின் நேர்கோடு சட்டென்று மேடாக எழுந்தது. அவர் கட்டைவிரல் பொத்தான்வரை போனது. பின்னால் மூன்று பேர் நின்று அவர் தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விரலை மடக்கி, துண்டை இழுத்து மூடினார். அன்று படகில் இருந்த எல்லோருக்கும் களவா கிடைத்தது. அடுத்த பயணத்தில் அதே இடம் என்று நினைத்து நிறுத்திய இடத்தில் கெளுத்தி கிடைத்தது, அதுவும் விரல் நீளத்தில். ஏன் அமுக்கவில்லை என்று கேட்டேன். "அத்தன பேரு முன்னாடி எப்படி அமுக்கறது?" என்றார், நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டதைப் போல.

வருடா வருடம் இந்தக் காலத்தின் சனிக்கிழமைகளை மொத்தமாக எடுத்துக்கொள்கிறவர் ஓய்வுபெற்ற ஒரு கிரேன் ஓட்டுநர். தன் கூட்டாளிகளோடு வருவார். பாதி வருமானம் அவர் கூட்டத்தால்தான். கெளுத்திச் செய்தி அவர் காதுக்கும் போயிருந்தது. சுற்றி வளைக்காமல் மனைவிக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். இந்தச் சனிக்கிழமை வருவோம், களவா இல்லையென்றால் அடுத்த சனிக்கிழமையிலிருந்து உங்கள் தம்பி படகைக் கேட்டுக்கொள்கிறோம், வருத்தப்படக் கூடாது.

வியாழக்கிழமை மாலை, இரவல் வாங்கியிருந்த மழைக்கோட்டைத் திருப்பிக் கொடுக்க டால்பின் வீட்டுக்குப் போனேன். அவர் கூடத்தில் டிவியில் சமையல் போட்டி பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ வெங்காயம் நறுக்குவதற்கு அரங்கமே கூச்சலிட்டது. சத்தம் தெருவரை கேட்டது. உட்காரச் சொன்னவர், திரைக்கே திரும்பிக்கொண்டார்.

மனைவி அடுப்படியிலிருந்து செல்பேசியோடு வந்து அதைச் சாப்பாட்டு மேசைமேல் தண்ணீர்க் குடுவையில் சாய்த்து வைத்தார். தம்பியைக் கூப்பிட்டார். அம்மாவின் முழங்கால், குழந்தையின் பல், எல்லாம் விசாரித்தார். டால்பின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவர் பார்வைக்கு நேரே அப்போது ஓடிக்கொண்டிருந்தது சலவைத்தூள் விளம்பரம்.

"சரி, அந்தப் பாறை நம்பரச் சொல்லு" என்றார் மனைவி, மளிகைச் சாமான் கேட்கிற குரலில்.

மறுமுனையிலிருந்து ஒரு கேள்விதான் வந்தது. "மாமா எங்க?"

"இங்கதான். டிவி பாக்குறாரு."

"அவரக் கேக்கச் சொல்லேன்க்கா."

"அவரு டிவி பாக்குறாருன்னு சொன்னேன்ல."

"அவரு அழிச்சதத்தான நான் வெச்சிருக்கேன்? நான் எடுத்துட்டுப் போகலன்னா இன்னைக்கு யாருகிட்டயும் இருக்காது. அத மட்டும் அவருகிட்ட சொல்லு."

மனைவி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, ஒலிபெருக்கி அதைக் கூடத்துக்கே சொல்லிவிட்டது. திரையில் யாரோ எண்ணெயில் எதையோ போட, அரங்கம் மறுபடி கூச்சலிட்டது.

"சொல்றேன்க்கா" என்றது மறுமுனை, கொஞ்சம் இறங்கிய குரலில். "ஆனா அங்க ரொம்ப இரைச்சலா இருக்கு. ஒரு எண்ணு தப்பா விழுந்தாலும் சேத்துலதான் நிப்பாரு. சத்தம் கொறஞ்சா சொல்றேன்."

மனைவி கணவரைப் பார்க்கவில்லை. மேசையில் ஒட்டியிருந்த எதையோ நகத்தால் சுரண்டினார். நான் மழைக்கோட்டை இன்னொரு தடவை மடித்தேன்.

டால்பின் தொடைக்கு அடியிலிருந்து ரிமோட்டை எடுத்தார். முகம் திரையிலேயே இருக்க, கட்டைவிரலால் ஒவ்வொரு அமுக்காக அமுக்கி, சத்தத்தைக் கடைசிக் கோடுவரை குறைத்தார்.