ஜூலையில் பனி பார்க்கப் போனோம்

வருடம் முழுக்க ஏசியில் நடுங்கும் துபாய் கராமாவாசிக்கு, லீவு கிடைத்தால் ஊரில் போய் வியர்க்கத்தான் விதி. ஒரே ஒரு முறை பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று என் மனைவி எட்டு வருடமாகக் கேட்டாள். நானும் சளைக்காமல் 'அடுத்த லீவுக்கு' என்றேன். அந்த வருடம் துணிந்து, லீவு ஐந்து நாள் தள்ளிப்போய்விட்டது என்று ஊரிலிருக்கும் என் அக்காவிடம் புளுகிவிட்டு, சிம்லாவுக்குக் கிளம்பினோம். வீட்டுக்கு வராமல் வேறு எங்கோ போன கல்ஃப்காரனை எங்கள் பக்கத்தில் மன்னிக்க மாட்டார்கள்.

வழி சுலபம். துபாயிலிருந்து டெல்லிக்கு விமானம், அங்கிருந்து கால்காவுக்கு ரயில், பிறகு மலையேற ஒரு குட்டி ரயில். பாடாய்ப் படுத்தியது ஊருக்கென்று கட்டிய அட்டைப்பெட்டிதான். நைலான் கயிறு சுற்றி, நாலு பக்கமும் மார்க்கரில் என் பெயர் எழுதியது. பால்பவுடர், சென்ட், தைலம், நடுவில் அக்காவுக்குப் புலிப்படம் போட்ட கம்பளிப் போர்வை. வெயிலில் வேகும் ஊருக்கு வருடம் தவறாமல் கம்பளி சுமக்கும் புத்திசாலிகள் நாங்கள். பெட்டியை முதுகில் தூக்கி மேடேறிய கூலிக்காரர், நாங்கள் குடியேறவே வந்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்.

சிம்லாவில் மழை கொட்டியது.

"ஜூலையில பனியா, பாய்? டிசம்பர்ல வாங்க" என்று ஹோட்டல்காரர் இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

எங்களுக்கு லீவு என்றால் ஜூலை; பனிக்கும் அதே மாதம்தான் என்று நம்பிவிட்டோம். எனக்கு அவமானமாக இருந்தது. மனைவி ஜன்னலைத் திறந்து, உள்ளே வந்த மேகத்தில் கையை நீட்டினாள்.

"விடுங்க, மேகத்தையாவது தொட்டேன்ல" என்றாள்.

ஹோட்டலில் போர்த்தக் கொடுத்த பஞ்சு ரஜாய் ஈரவாடை அடித்தது. கயிற்றை அறுத்துப் புலியை எடுத்துப் போர்த்திக்கொண்டோம். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு கல்ஃப் போர்வை தன் வேலையைச் செய்தது.

ஊரில் அக்கா அதைப் பிரித்து உதறியபோது, மடிப்பிலிருந்து குட்டி ரயிலின் சிம்லா டிக்கெட் விழுந்தது. எடுத்துப் படித்தாள். வசவுக்குத் தயாராக நின்றேன்.

"பனி எப்படிடா இருந்துச்சு?"

"பாக்கலக்கா. மழைதான்."

அவள் பீரோவைத் திறந்தாள். நான் கொடுத்த போர்வைகள் அத்தனையும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. இதையும் மேலே வைத்தாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா, ஒண்ணையாவது போத்தியிருப்பேன்ல" என்றாள்.